அளவையும் வாய்மையும்

உலகியல் வாழ்க்கைக்கு இன்றியமையாதனவற்றுள் அளவும் ஒன்றாகும். நெல்லை மரக்காலாலும், பொன்னைத் துலாக்கோலாலும், துணியை முழக்கோலாலும் அளந்து கொள்வதும் கொடுப்பதும் நம் முன்னோர் காலந்தொட்டு நடைபெற்று வருகின்றன. கடைக்குச் செல்வோன் வணிகனுடைய படிக்கல்லை நாடோறும் ஐயுற்று நிறுத்துப் பார்ப்பதில்லை. அக்கல்லின்மேல் அரசாங்கத்தார் முத்திரை இருக்கின்றதென்ற நம்பிக்கையே அவனுக்குப் போதுமானதாகின்றது. அன்றியும், நிறை குறைந்ததென்று ஐயமுண்டாயின், வேறொரு தராசில் இட்டு உண்மையை அறிந்துகொள்ளவும் அவனால் இயலும். ஆனால், கண்ணாற் காணவும், மூக்கால் மோந்தறியவும், கையால் தீண்டியுணரவும் இயலாத ஒரு பொருளை அளக்கவேண்டி வருமாயின், ஆண்டு நம்பிக்கைக்கு நிலைக்களம் யாது? கருவி காட்டும் எண் ஒன்றே நமக்குக் கண்ணும் மூக்கும் கையுமாகின்றது. அவ்வெண் பொய்க்குமாயின், அதனைப் பொய்யென்று உணர்த்த வேறொரு புலன் நமக்கில்லை. இத்தகைய பொருள்களுள் ஒன்றாகிய நியூட்ரானை அளக்கும் முறையையும், அதன்கண் நிகழக்கூடிய நுண்ணியதொரு பிழையையும் எடுத்துக்கொண்டு, அளவையின் அறத்தைப்பற்றி எம் கருத்தை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

நியூட்ரானாவது அணுக்கருவினுள் உறையும் ஒரு துகள். 1932-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் நகரத்துக் கவெண்டிஷ் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜேம்ஸ் சாட்விக் என்னும் அறிஞர் இதனைக் கண்டுபிடித்து, 1935-இல் நோபல் பரிசு பெற்றனர். அவருக்குச் சிறிது முன்னரே பாரிஸ் நகரில் ஐரீன் கியூரி அம்மையாரும் அவர்தம் கணவர் பிரடெரிக் ஜோலியோவும் இதன் விளைவைத் தம் கருவியிற் கண்டிருந்தனர். ஆயினும், அதனைக் காமாக் கதிரின் செயலென்று கொண்டமையின், கண்டும் காணாதாராயினர். கருவி காட்டியது ஒன்றே. அதற்குக் கொண்ட பொருளே வேறாயிற்று. எண்ணைப் படித்தல் வேறு, எண்ணின் பொருளை உணர்தல் வேறு என்பதனை நியூட்ரானின் பிறப்பு வரலாறே நமக்குக் கற்பிக்கின்றது.

இத்துகளுக்கு மின்னேற்றம் இல்லை. ஆதலின், இரும்பையும் ஈயத்தையும் எளிதில் ஊடுருவிச் செல்லும். நீர், மெழுகு முதலிய ஹைட்ரஜன் மிக்க பொருள்களே இதன் விரைவைத் தணிக்க வல்லன. மனிதவுடலும் பெரும்பாலும் நீராலாகியதன்றோ? உடலினுட் புகுந்த நியூட்ரான் ஆண்டுள்ள ஹைட்ரஜன் கருக்களை மோதித் தள்ள, அவை உயிரணுக்களைச் சிதைக்கின்றன. எனவே, அணுவுலைகளிலும், புற்றுநோய் மருத்துவச் சாலைகளிலும், எண்ணெய்க் கிணறுகளை ஆராயுமிடத்தும் உழைக்கின்றவர்கள் எத்துணை நியூட்ரான்களுக்கு ஆளாகின்றனர் என்பதனை அறிதல் அவர்தம் உயிரையே பற்றிய செய்தியாகும்.

இனி, இதனை அளக்குமாறு யாங்ஙனம் என்பதனை ஆராய்வாம். மின்னேற்றமற்ற துகள் நேரே எக்கருவியிலும் தன் சுவட்டைப் பதிப்பதில்லை. ஆகவே, அதனை விழுங்கி மின்னேற்றமுள்ள துகள்களை உமிழும் பொருளொன்றைக் கருவியினுள் வைக்கின்றனர். போரான் கலந்த வாயுவும், ஹீலியம்-3 என்னும் வாயுவும் இதற்குப் பயன்படுவன. இவை மெல்லச் செல்லும் நியூட்ரான்களையே மிகுதியாகப் பற்றுமாதலின், விரைந்து வருவனவற்றைத் தணித்தற்பொருட்டுக் கருவியைச் சுற்றிப் பாலித்தீன் உருண்டையொன்றை அமைக்கின்றனர். இத்தகைய உருண்டைகளைப் பல அளவினவாகச் செய்து, நியூட்ரான்களின் ஆற்றலை வகைப்படுத்தும் முறையை 1960-இல் பிராம்ப்ளெட், யூயிங், பானர் என்னும் மூவர் வெளியிட்டனர். இவையனைத்தும் எண்ணும் கருவிகளேயன்றித் தம்மளவில் அளக்கும் கருவிகள் அல்ல. ஒரு நிமிடத்திற்கு இத்தனை துடிப்பு என்று கருவி கூறும். அத்துடிப்பு உடலுக்கு எத்துணைத் தீங்கு என்பதனை அது தானே அறியாது. முத்திரையில்லாத படிக்கல்லைப் போன்றதே அது.

முத்திரையிடும் முறையையே அளவுத்திருத்தம் என்கின்றோம். நொடிக்கு இத்தனை நியூட்ரான் உமிழும் என்று துணியப்பெற்ற ஒரு மூலத்தின்முன் கருவியை நிறுத்தி, அது காட்டும் எண்ணை உண்மையோடு ஒப்பிடுதல் வேண்டும். கலிபோர்னியம்-252 என்னும் தனிமமும், அமெரிசியம்-241 பெரிலியத்தோடு கூடிய கலவையும் இதற்குரிய மூலங்களாம். முன்னது ஏறக்குறைய 2.65 ஆண்டுகளில் தன் வலிமையிற் பாதியை இழக்கும். பின்னதற்கு 430 ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். மூலத்தின் வலிமையை அறிதற்கும் ஓர் அழகிய முறையுண்டு. மாங்கனீஸ் ஸல்பேட் கரைந்த நீர் நிரம்பிய பெரியதொரு கோளத்தின் நடுவே அம்மூலத்தை இறக்குவர். புறப்படும் நியூட்ரான்கள் ஏறக்குறைய அனைத்தும் அந்நீரிலேயே அடங்கும். அவற்றுள் ஒரு பங்கை ஏற்ற மாங்கனீஸ், 2.6 மணி நேரத்திற் பாதியாகத் தேயும் கதிரியக்கத்தைப் பெறும். அக்கதிரியக்கத்தை அளந்து மூலத்தின் வலிமையைக் கணக்கிடுவர். இங்கிலாந்து தேசத்து டெடிங்டன் நகரிலுள்ள தேசிய பௌதிக ஆராய்ச்சிக்கூடம் இம்முறையைக் கையாளும் இடங்களுள் ஒன்று.

மூலத்தின் வலிமை தெரிந்தபின், தொலைவின் வர்க்கத்திற்கேற்பக் கதிர் குறையும் என்னும் விதியைக்கொண்டு, இத்தனை மீட்டருக்கு அப்பால் இத்துணை நியூட்ரான் வருதல் வேண்டும் என்று கணக்கிடுதல் எளிதே. அங்ஙனமாயின் இடர் எங்கேயுளது? இடர் அறையில் உளது. மூலத்தினின்று நேரே வரும் நியூட்ரான்களை மட்டுமே கருவி காண்பதில்லை. சுவரிலும், தரையிலும், கூரையிலும், காற்றிலும், கருவியைத் தாங்கும் மேசையிலும் மோதித் திரும்புவனவற்றையும் அது சேர்த்தே எண்ணுகின்றது. பெரிய தேவாலயத்தினுள் ஒருவன் பாடுங்கால், அவன் குரலோடு சுவர்களின் எதிரொலியும் கலந்தே நம் செவிக்கு எட்டுகின்றது. எதிரொலியையும் பாடகன் குரலென்று கொள்வோமாயின், அவனை உள்ளதினும் பெரிய குரலுடையான் என்றே முடிவு செய்வோம். அதுபோன்றதே இதுவும்.

சிதறலின் வலிமையை அறிவுலகம் முதன்முதல் உணர்ந்த வரலாறு சுவையுடையது. 1934-ஆம் ஆண்டில் ரோமாபுரியில் என்ரிக்கோ பெர்மி என்பாரும் அவர்தம் இளைய துணைவரும் வெள்ளி முதலிய உலோகங்களை நியூட்ரான்களாற் கதிரியக்கம் பெறச் செய்துகொண்டிருந்தனர். அமால்டி, பொண்டெகோர்வோ என்னும் இருவர் ஒரு விந்தையைக் கண்டனர். சலவைக்கல் மேசையின்மேல் வைத்த வெள்ளி பெற்ற கதிரியக்கத்தினும், மரமேசையின்மேல் வைத்த வெள்ளி பெற்றது மிகுந்திருந்தது. மூலம் ஒன்றே, வெள்ளியும் ஒன்றே, வேறுபட்டது மேசை மட்டுமே. மரத்திலுள்ள ஹைட்ரஜனில் மோதி விரைவு தணிந்த நியூட்ரான்கள் திரும்பிவந்து வெள்ளியிற் புகுந்தன என்னும் உண்மையைப் பெர்மி அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் மெழுகைக்கொண்டு ஆராய்ந்து தெளிந்தனர். 1938-இல் அவர் பெற்ற நோபல் பரிசுக்கு இது பெருங் காரணமாயிற்று. மேசையையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும் என்ற பாடத்தை உலகிற்குக் கற்பித்தது ஒரு மேசையே எனலாம்.

இப்பிழையைக் களையும் முறைகளுள் இரண்டினை மட்டும் ஈண்டுக் குறிக்கின்றோம். முதலாவது நிழற்கூம்பு முறை. மூலத்திற்கும் கருவிக்கும் இடையே, நேர்க்கதிரை முற்றும் மறைக்குமாறு ஒரு கூம்பை நிறுத்துவர். பன்னாட்டுத் தரநிறுவனத்தாரின் 8529 என்ற எண்ணுடைய விதித்தொகுதியில் இதன் இலக்கணம் கூறப்பெற்றுள்ளது. முற்பகுதி 20 செ.மீ. நீளமுள்ள இரும்பு, பிற்பகுதி 30 செ.மீ. நீளமுள்ள, போரான் கலந்த பாலித்தீன். கூம்பு நிற்குங்கால் கருவி காட்டுவது சிதறி வந்தது மட்டுமே. கூம்பை நீக்கியபோது காட்டும் தொகையினின்று அதனைக் கழித்தால் எஞ்சுவது நேர்க்கதிராகும்.

இரண்டாவது, பல தொலைவுகளில் அளந்து பொருத்திப் பார்க்கும் முறை. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவாம். ஒரு மீட்டர் தொலைவில் நேர்க்கதிர் 100, சிதறல் 30, ஆகக் கருவி காட்டுவது 130 என்று கொள்க. இரண்டு மீட்டரில் நேர்க்கதிர் நான்கிலொன்றாகி 25 ஆகும். அறையெங்கும் பரவிய சிதறலோ ஏறக்குறைய 30 ஆகவே நிற்கும். ஆகக் கருவி காட்டுவது 55. இவ்வெண்களைத் தத்தம் தொலைவின் வர்க்கத்தாற் பெருக்கினால் முறையே 130, 220 என வரும். சிதறல் இல்லையாயின் இரண்டும் 100 ஆகவே இருத்தல் வேண்டும். வர்க்கம் 1-லிருந்து 4 ஆகும்போது எண் 130-லிருந்து 220 ஆயிற்று. அஃதாவது ஒவ்வோர் அலகிற்கும் 30 வீதம் ஏறிற்று. இவ்வேற்றத்தைப் பின்னோக்கிக் கொண்டுசென்றால், சிதறலற்ற எண்ணாகிய 100 தானே வெளிப்படுகின்றது. காற்றிற் சிதறுவதற்கும், கருவியின் பருமனுக்கும் வேறு சிறு திருத்தங்கள் உள. அவற்றை விரிப்பிற் பெருகும்.

இனி, எம் கருத்திற்கு வருவாம். இத்திருத்தத்தைச் செய்யாது விட்டால் விளைவது யாது? அறையின் சிதறல் எண்ணைக் கூட்டுமாதலின், அளவும் கூடும். கூடினால் எச்சரிக்கை மிகும். அதனாற் கேடில்லை என்று மேலோட்டமாக நோக்குவோர் கூறக்கூடும். உண்மை அதற்கு நேர்மாறானது. மேற்கூறிய எடுத்துக்காட்டில், உண்மையளவு 100 ஆகவும் கருவி 130 காட்டிற்று. அளவுத்திருத்தம் செய்வோன் சிதறலைக் கழியாது, "இக்கருவி 130 துடித்தால் அது 100 என்று கொள்க" என முத்திரையிட்டு அனுப்புகின்றான். அக்கருவியை ஏந்திய தொழிலாளி தன் வேலைத்தலத்தில் உண்மையாகவே 100 அளவு கதிருக்கு ஆளாகும்போது, ஆண்டு அவ்வறைச்சுவர்கள் இல்லாமையின், கருவி 100 முறையே துடிக்கும். முத்திரையின்படி அதனைத் திருத்திப் படித்தால் 77 என்று வரும். நூற்றுக்கு 23 பங்கு மறைந்தொழிந்தது! கூட்டிக் காட்டியதாகத் தோன்றிய பிழை, உழைப்பவன் கையிற் குறைத்துக் காட்டும் பிழையாக மாறிவிட்டது.

நம் நாட்டில் கதிரியக்கத் தொழிலாளர்க்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட் என்றும், எவ்வோராண்டிலும் 30-க்கு மேற்படலாகாதென்றும் வரம்பு உளது. மேற்கூறிய கருவி 20 என்று காட்டுமிடத்து உண்மையில் உடலேற்றது 26 ஆகும். எண்ணைப் படித்து, "வரம்புக்குள் இருக்கின்றாய்" என்று மேலதிகாரி கூறுவது பொய்யன்று. அவர் அறிந்த மட்டில் அது மெய்யே. ஆனால், அம்மெய்யின் அடியில் எங்கோ ஓர் அறையின் சுவர் பொய்யுரைத்திருக்கின்றது. சுவர் உரைத்த பொய்க்குத் தண்டனையை ஏற்பவன் தொழிலாளி. ஆதலின், நிழற்கூம்பு என்பது வல்லுநர்க்கு மட்டும் உரிய நுணுக்கமென்று ஒதுக்கிவிடுதல் தகாது. அஃது ஓர் அறக்கருவி என்றே யாம் கருதுகின்றோம். மேற்கூறிய விதித்தொகுதி, அறைச்சிதறலாற் கருவியின் எண் நூற்றுக்கு 40-க்கு மேல் உயரலாகாதென்றும் வரையறுத்திருக்கின்றது. சிறந்த அளவுக்கூடங்கள் அகன்றுயர்ந்த மண்டபங்களில் அமைந்திருப்பதும் இதன்பொருட்டே. சிறிய அறையில், திருத்தமின்றி, விரைந்து முத்திரையிடுதல் செலவைக் குறைக்கும். ஆனால் அச்செலவு வேறொருவன் உடலினின்று வாங்கப்படுகின்றது.

இத்தகைய கணக்குகள் உலகின் சட்டங்களையே மாற்றியுள்ளன என்பதற்கு ஹிரோஷிமாவின் வரலாறு சான்றாகும். 1945-இல் ஆண்டுத் தப்பிப் பிழைத்தோர் ஏற்ற கதிரின் அளவை அறிதற்பொருட்டு, 1962-இல் அமெரிக்க நாட்டு நெவாடாப் பாலைநிலத்தில் உயர்ந்த கோபுரத்தின்மேல் ஓர் அணுவுலையை ஏற்றி ஆராய்ந்தனர். அதனை அடியொற்றி 1965-ஆம் ஆண்டுக் கணக்கு எழுந்தது. பாலைக்காற்று வறண்டது, ஆகஸ்டு மாதத்து ஹிரோஷிமாக் காற்றோ நீராவி மிக்கது. அந்நீராவியின் ஹைட்ரஜன் நியூட்ரான்களைத் தணித்திருக்கும் என்பது முன்னர்க் கணக்கிற் செவ்வனே சேரவில்லை. இதுவும் வேறு காரணங்களும் ஆராயப்பெற்று, 1986-இல் எழுந்த புதிய கணக்கில் ஹிரோஷிமாவின் நியூட்ரான் அளவு ஏறக்குறையப் பத்திலொரு பங்காகச் சுருங்கியது. நியூட்ரானால் வந்தன என்று கருதப்பெற்ற நோய்கள் பலவற்றிற்குக் காமாக் கதிரே காரணமாதல் வேண்டும் என்றாயிற்று. இப்புதிய கணக்கும், பின்னாளிற் கண்ட நோய்த்தொகையும் சேர்ந்து, 1990-இல் உலகத் தொழிலாளர்க்குரிய வரம்பு 50-லிருந்து 20 மில்லிசீவெர்ட்டாகக் குறைதற்கு வழிசெய்தன. 1986-ஆம் ஆண்டுக் கணக்கிலும் தொலைவிலிருந்த பொருள்களைப்பற்றி ஓர் ஐயம் எஞ்சியது. பின்னணிக் கதிர்களைச் செவ்வனே பிரித்து மீண்டும் அளந்தபோது அதுவும் பெரும்பாலும் நீங்கி, 2002-ஆம் ஆண்டுக் கணக்கு உருவாயிற்று. கழிக்கவேண்டியதைக் கழித்தற்கு அறிவுலகம் ஐம்பதாண்டுக்கு மேல் உழைத்தது. அதற்குள் எத்தனை பேர் பழைய வரம்பின்கீழ் உழைத்து முடித்தனர் என்பதனை எண்ணுங்கால் நெஞ்சு நடுங்குகின்றது.

நிற்க. இதுகாறுங் கூறியவற்றால், சிதறல் என்பது பொய்யான கதிர் என்று எவரேனும் கொள்வாராயின் அது பெரும் பிழையாகும். அளவுக்கூடத்தில் அது கழிக்கப்படுவது, கருவியின் இயல்பை மட்டும் தனித்து அறிதற்பொருட்டே. வேலைத்தலத்திலோ, சுவரில் மோதி வரும் நியூட்ரானும் உடலைத் தாக்கும் உண்மை நியூட்ரானே. புற்றுநோய்ச் சிகிச்சைக்குரிய ஆற்றல் மிக்க முடுக்கிகள் உள்ள அறைகளில், வளைந்து செல்லும் நடைவழியில் மோதி மோதி வாயிலை அடையும் நியூட்ரான்கள் பெரும்பாலும் சிதறியனவே. வாயிலில் நிற்கும் தாதிக்கு, "இவை சிதறல், கணக்கில் இல்லை" என்று கூற எவர்க்கும் உரிமையில்லை. மேலும், சிதறிய நியூட்ரான் விரைவு குறைந்தது. 2007-ஆம் ஆண்டுப் பன்னாட்டு விதிப்படி, மிக மெல்லச் செல்வதற்குத் தீங்கின் நிறை 2.5, பத்திலட்சம் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ளதற்கு ஏறக்குறைய 20. விரைவான மூலத்தின்முன் முத்திரையிடப்பெற்ற கருவி, மெல்லிய நியூட்ரான்கள் நிரம்பிய இடத்தில் வேறுவகையாகப் பிழைக்கலாம். ஆகவே, வேலைத்தலத்தின் தன்மைக்கேற்ற மற்றொரு திருத்தமும் வேண்டும்.

இவ்விரண்டனையும் இணைத்து நோக்குக. அளவுக்கூடத்தில் சிதறலைக் கழியாது விடுதல் தொழிலாளியின் பங்கைக் குறைத்துக் காட்டும். வேலைத்தலத்திற் சிதறலைக் கழித்து விடுதலும் அவன் பங்கைக் குறைத்தே காட்டும். இரண்டு பிழையும் ஒரு பக்கமே சாய்கின்றன. வாங்குதற்கொரு கல்லும் விற்றற்கொரு கல்லும் ஒரு வணிகன் வைத்துக்கொள்ளலாகாதென்று மோசேயின் நியாயப்பிரமாணம் தடுத்திருப்பதனை இளமைதொட்டே கேட்டிருக்கின்றோம். அவ்விதி அந்நாளைத் தானியக் களத்தோடு முடிந்துவிடவில்லை. நியூட்ரான் கருவியின் முத்திரைச் சீட்டுவரை அது நீளுகின்றது என்பது எம் துணிபு.

தமிழ் கற்கும் மாணவர்க்கு இதில் யாது தொடர்பு என்று வினவுவாரும் உளர். கல்பாக்கத்தில் 1983 முதலும், கூடங்குளத்தில் 2013 முதலும் அணுவுலைகள் இயங்கி வருகின்றன. அவற்றினுள் உழைப்போர் பலர் தமிழே பேசுவோர். தன் உடல் ஏற்ற அளவு எங்ஙனம் அறியப்பெற்றது என்பதனைத் தன் மொழியிற் கேட்டு உணரும் உரிமை கூலிக்கு உழைப்பவனுக்கும் உண்டு. அளவுத்திருத்தம், சிதறல், நிழற்கூம்பு, பின்னணி என்னும் சொற்கள் நம் மொழிக்கு அரியனவல்ல. அவற்றை ஆளுவோரே அரியர். பழம்பாட்டிற்கு உரையெழுதப் பழகிய கை, ஒரு கருவியின் முத்திரைச் சீட்டிற்கும் தெளிவான உரையெழுதுமாயின், அதனால் தமிழுக்கு இழிவில்லை, ஏற்றமே உண்டு.

ஆதலின், யாம் வேண்டுவன மூன்று. கருவி ஒவ்வொன்றின்மேலும், எந்நாளில், எம்மூலத்தின்முன், சிதறல் எம்முறையாற் கழிக்கப்பெற்று முத்திரையிடப்பட்டது என்பது உழைப்போர் படிக்கும் மொழியில் எழுதப்படுதல் வேண்டும். கருவி காட்டும் எண்ணோடு, அதன் ஐயப்பாட்டின் எல்லையும் உடன்கூறப்படுதல் வேண்டும். எண்ணைக்கொண்டு அச்சுறுத்துவோரையும், எண்ணைக்கொண்டு ஆறுதல் கூறுவோரையும், "இது எதனோடு ஒப்பிடப்பட்டது? இதனினின்று எது கழிக்கப்பட்டது?" என்று வினவும் பழக்கம் கற்றவரிடத்துப் பரவுதல் வேண்டும். இவ்விரு வினாவும் அணுக்கூடத்திற்கு மட்டும் உரியனவல்ல. செய்தித்தாளில் வரும் தொகைக்கும், தேர்வில் வரும் மதிப்பெண்ணிற்கும், ஒருவரைப்பற்றி ஊரார் கூறும் புகழுக்கும் பழிக்கும் இவை ஒக்கும். நேரே வந்தது எது, சுவரில் மோதி வந்தது எது என்று பிரித்தறியும் பொறுமை மாணவராகிய நம்மிடத்து வளர்வதாக. காணாதவற்றையும் சரியாய் நிறுக்கின்ற ஆண்டவர் அதற்கு அருள்புரிவாராக.